அழுகையைக் காணோம்

அத்தியாயம் 4

காணாமப் போச்சுன்னு எங்க ஆபீஸுக்கு வந்த கேஸெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். புருஷன் பன்னெண்டு, பொண்டாட்டி நாலு, கார் ஒம்போது, நாய் ரெண்டு, பல் செட்டு ஒண்ணு. செவ்வாய்க்கிழமை காலைல ஒரு பொண்ணு வந்து உக்காந்து, மடியில இருந்த ஒம்போது மாசக் குழந்தையைக் காட்டி, இதோட அழுகையைக் காணோம்னு சொன்னப்ப, அதை எந்தப் பக்கத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியலை.

"கடைசியா எப்பங்க பாத்தீங்க?"ன்னு கேட்டேன். "என்ன உயரம், என்ன கலரு?"

அக்கா கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தாங்க. பேனாவை மூடிட்டு ஒழுங்கா உக்காந்தேன்.

அக்கான்னா கூடப் பொறந்தவங்க இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில இருபது வருஷம் இருந்தவங்க. எரிஞ்சு போன கடை தானா எரிஞ்சுதா, எரிச்சாங்களான்னு போய்ப் பாத்து சொல்ற வேலை. அது சலிச்சுப் போய் மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம் பிடிச்சு, துப்பறியும் நிலையம்னு போர்டு மாட்டினாங்க. எனக்கு அவங்க வெச்ச பேரு 'வாய்'. அது பேரா திட்டான்னு ஏழு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன், இன்னும் பதில் வரலை.

வந்த பொண்ணு ஒரு கால் சென்டர்ல வேலை பாக்குறாங்க. வாஷிங் மெஷின் ஓடலை, தண்ணி ஒழுகுதுன்னு போன் பண்றவங்களோட திட்டையெல்லாம் வாங்கிக்கிற வேலை. புருஷன் கப்பல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வருவார், வந்தா தூங்குவார். வேலை பாக்குற எடத்துலயே பிள்ளைங்களை வெச்சுக்க ஒரு ரூம் இருக்கு, காப்பகம்னு பேரு. நாலு மாசமா இது அங்கதான் வளருது.

மொதல்ல நல்லாத்தான் அழுதுக்கிட்டிருந்துச்சாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, ரெண்டு மாசமா சுத்தமா இல்ல. பசிச்சாலும் இல்ல, விழுந்தாலும் இல்ல. மாமியார்கிட்ட சொன்னா குடுத்து வெச்சவன்னாங்களாம். பக்கத்து வீட்டுக்காரம்மா என்ன மருந்து குடுக்குறேன்னு ரகசியமா கேட்டாங்களாம். சரி, நம்ம அதிர்ஷ்டம்தான்னு இவங்களும் இருந்திருக்காங்க.

போன வாரம் தலைகாணியில மஞ்சளா ஒரு கறை. பாத்தா குழந்தையோட காதுல சீழ். தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடியிருக்காங்க. உள்ள பழுத்து மூணு நாலு நாளாச்சு, பெரிய ஆளே கத்திக் கதறுற வலி, அம்மான்னு ஒருத்தி பக்கத்துல இருந்தும் எப்படித் தெரியாமப் போச்சுன்னு டாக்டர் கேட்டிருக்கார்.

"அவர் என்னைப் பாத்த பார்வை இருக்கே மேடம்," அந்தப் பொண்ணு சொன்னாங்க. "நான் அதுக்கு ஒண்ணுமே சொல்லலை. சொல்றதுக்கு என்ன இருக்கு. தொண்டை நல்லாருக்காம், காதும் கேக்குதாம், மூளையும் சரியா இருக்காம். எல்லாம் இருக்கு, அழுகை மட்டும் இல்ல. அடுத்த தடவை வயித்துக்குள்ள என்னமாவது ஆச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்? யாரு இதை நிறுத்தினாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. மறுபடி இது அழணும். எனக்கு அது போதும்."

அக்கா டிராயர்ல நான் எனக்குன்னு ஒளிச்சு வெச்சிருந்த பிஸ்கட் பாக்கெட்டை நேரா கையை விட்டு எடுத்தாங்க. அது அங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். ஒரு பிஸ்கட்டைக் குழந்தை கையில குடுத்தாங்க. அது வாய்க்குப் போற நேரத்துல வெடுக்குன்னு பிடுங்கினாங்க.

குழந்தை மூஞ்சி சுருங்குச்சு. கீழ் உதடு பிதுங்குச்சு. வாய் பெருசா தெறந்துச்சு. நான் காதைப் பொத்திக்கத் தயாரா இருந்தேன். சத்தமே வரலை. தெறந்த வாயோட அது தலையை இடது பக்கமாத் திருப்பி, மேல, எங்க ஆபீஸ் சுவத்துல காலண்டர் தொங்குற எடத்தைப் பாத்துச்சு. மூச்சைக்கூடப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் வாயை மெதுவா மூடிக்கிச்சு.

அக்கா மூணு தடவை பிடுங்கினாங்க. மூணு தடவையும் இடது பக்கம், மேல.

"அழுகையை முழுங்கலை," அக்கா சொன்னாங்க. "எதையோ கேக்குது."

"என்ன கேக்குது?"

"தெரிஞ்சா உன்னை எதுக்கு வெச்சிருக்கேன்."

அந்த நேரம் பாத்து அந்தப் பொண்ணோட போன் அடிச்சுது. தெரியாத நம்பர். எடுத்த உடனே அவங்க குரல் மாறிப் போச்சு. தேன்ல தோய்ச்சு எடுத்த மாதிரி ஒரு குரல். "வணக்கம், வாடிக்கையாளர் சேவை மையம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ராங் நம்பருங்கன்னு வெச்சுட்டாங்க. பழக்க தோஷம்னு எங்களைப் பாத்து வெக்கப்பட்டாங்க.

நான் அவங்களைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். அக்கா குழந்தையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. அது உடம்பெல்லாம் தளர்ந்து, கண்ணு பாதி சொருகி, பொக்கை வாயால சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. பேசின அம்மா மூஞ்சியைப் பாக்கலை. காலண்டரைப் பாத்துச்சு.

வீட்டுல இந்தக் குரல்ல பேசுவீங்களான்னு அக்கா கேட்டாங்க. எட்டு மணி நேரம் பேசிட்டுப் போனா வீட்டுல வாயே தெறக்க முடியாதுன்னாங்க. குழந்தை எப்பவாவது போன் பேசுற ஹாலுக்கு வருமான்னு கேட்டாங்க. விடவே மாட்டாங்களாம். தொட்டில் இருக்குற ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான்னாலும், காதுல ஹெட்போன் மாட்டிட்டா எந்திரிக்கக் கூடாது.

"அப்ப உங்க ஆபீஸ் குரலை இதுக்கு யாரு அறிமுகம் பண்ணி வெச்சது?"

அந்தப் பொண்ணு குழந்தையைப் பாத்தாங்க, எங்களைப் பாத்தாங்க. நாங்க பேசுறதெல்லாம் பதிவாகும் மேடம், ஆனா அது மெஷின்லதானே இருக்கும்னாங்க.

காப்பகத்துக்குள்ள அம்மாமார் போகலாமான்னு அக்கா கேட்டாங்க. வாசல்ல குடுத்து வாசல்ல வாங்கணும், அவ்வளவுதானாம். ஆனா டை கட்டின வெளியாளுங்க மட்டும் அடிக்கடி உள்ள போய்ச் சுத்திப் பாத்துட்டு வருவாங்களாம்.

அவங்க போனப்புறம் அக்கா என் பிஸ்கட்டுல மிச்சத்தைச் சாப்பிட்டுக்கிட்டே கேட்டாங்க. "பெத்தவளை விடாத எடத்துக்குள்ள வெளியாளை எதுக்குடா விடுவாங்க?"

"சுத்திப் பாக்க."

"எதைச் சுத்திக் காட்டுவாங்க?"

யோசிச்சேன். "விக்கிற பொருளை."

"நாளைக்கு டை கட்டிக்கிட்டு வா," அக்கா சொன்னாங்க.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குப் போனோம். அக்கா நூறு பொம்பளைங்க வேலை பாக்குற ஒரு ஆபீஸோட முதலாளி. நான் அவங்க செகரெட்டரி. பதவி உயர்வு கிடைச்ச அன்னிக்கே டை கழுத்தை நெரிச்சுது. காப்பகம் பாக்கணும்னு சொன்ன உடனே மேனேஜர் கையைத் தேச்சுக்கிட்டே வந்தார். வழவழன்னு ஒரு நோட்டீஸைக் கையில திணிச்சார். அதுல ஒரு நிலா படம். நிலாவுக்குக் கீழ கொட்டை எழுத்துல, மேற்கோள் குறி எல்லாம் போட்டு, 'ஒரு வாரமா ஒரு பிள்ளைகூட அழலை. காப்பக ஊழியர்.'

முன்னாடியெல்லாம் பெரிய தலைவலின்னு அவர் வருத்தப்பட்டுக்கிட்டே நடந்தார். பலகைத் தடுப்பு வழியா பிள்ளைங்க அழுற சத்தம் போன்ல கேக்குமாம். கஸ்டமருங்க இது ஆபீஸா பிரசவ ஆஸ்பத்திரியான்னு கேப்பாங்களாம். பிள்ளை அழுதா தாய்க்காரி ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு ஓடுவா. ஒருத்தி ஓடினா நாலு பேர் தலையைத் தூக்குவாங்க. இப்ப அந்தப் பேச்சே இல்ல.

உள்ள போனோம். எனக்கு அக்கா பிள்ளைங்க, அண்ணன் பிள்ளைங்கன்னு எட்டு உருப்படி ஊர்ல இருக்கு. சின்னப் பிள்ளைங்க இருக்குற ரூம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அப்படி இல்ல. பதினோரு தொட்டில், வரிசையா. பதினோரு பிள்ளைங்க, முழிச்சுக்கிட்டு. பால் வாடை இருந்துச்சு, பவுடர் வாடை இருந்துச்சு, சத்தம் மட்டும் இல்ல. ஒவ்வொரு தொட்டில்லயும் தலைமாட்டுக்கு இடது பக்கம், மேல, தட்டு சைஸுக்கு வெள்ளையா ஒரு நிலா விளக்கு மாட்டியிருந்தாங்க. மூலையில உசரமா ஒரு ஆயாம்மா துணி மடிச்சுக்கிட்டு நின்னாங்க. எங்களைப் பாத்துட்டுத் திரும்பிக்கிட்டாங்க.

கிட்டப் போய்த்தான் தெரிஞ்சுது, சத்தம் இருக்கு. நிலாவுக்குள்ளேருந்து, கொசு ரீங்காரம் மாதிரி. குனிஞ்சு காதை வெச்சேன். ஒரு பொம்பளைக் குரல். தேன்ல தோய்ச்ச குரல். 'ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க... உங்க பொறுமைக்கு ரொம்ப நன்றி... நான் உங்க கூடவேதான் இருக்கேன்...' பக்கத்துத் தொட்டில்ல வேற ஒரு குரல், அதே வார்த்தை.

அக்கா கைப்பையிலேருந்து சாவிக் கொத்தை எடுத்தாங்க. எங்க ஆபீஸ் சாவி, வீட்டுச் சாவி, இதுவரைக்கும் எதையும் தெறக்காத ஆறு சாவி. தெரியாத்தனமா நழுவின மாதிரி சிமென்ட் தரையில போட்டாங்க.

பதினோரு பிள்ளைங்களுக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. பதினோரு வாய் தெறந்துச்சு. அந்த நொடியிலேயே பதினோரு நிலாவும் பேச்சை நிறுத்திடுச்சு. பிள்ளைங்க அத்தனையும் ஒண்ணாத் தலையைத் திருப்பி, இடது பக்கம் மேல பாத்து, வாயை மூடி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்துச்சுங்க. நான் மனசுக்குள்ள எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ரூம் அமைதியாச்சு. 'ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க...'

ஒவ்வொரு பிள்ளை உடம்பும் தளர்ந்து போச்சு. ஒண்ணு சிரிச்சுது.

மேனேஜர் எங்களைப் பாத்துப் பெருமையா தலையாட்டினார். நல்ல வேளை, அவர் போன் அடிச்சுது, வெளிய போனார். எனக்கு அவர் டையைப் பிடிச்சு என் டையோட சேத்து முடிஞ்சு விடணும் போல இருந்துச்சு. புரிஞ்சுதான்னு அக்கா கண்ணால கேட்டாங்க. புரிஞ்சுது. அழுதா அம்மா போயிடுவா. அழாம இருந்தா அம்மா பேசுவா. இதைப் படிக்க ஒரு பிள்ளைக்கு எத்தனை நாள் வேணும்?

ஆயாம்மா துணியை மடிச்சுக்கிட்டே, எங்க பக்கம் திரும்பாமப் பேசினாங்க. "அந்த நோட்டீஸ்ல இருக்குறது நான் எழுதின வரிதாம்மா. புகார் புஸ்தகத்துல எழுதினேன். ஒரு வாரமா ஒரு பிள்ளைகூட அழலை, எனக்குப் பயமா இருக்கு, டாக்டரைக் கூப்பிடுங்கன்னு. முன் பாதியை மட்டும் அச்சடிச்சுட்டாங்க."

இதைச் செஞ்சது யாருன்னு அக்கா கேட்டாங்க. கீழ ரிப்பேர் ரூம்னு ஆயாம்மா தாடையால காட்டினாங்க.

படி இறங்கும்போது அக்கா என்கிட்ட, போன உடனே கோவப்படாதே, கஸ்டமர் மாதிரி குறை சொல்லுன்னாங்க. குறை சொல்றதுக்குப் பயிற்சி வேணுமான்னு கேட்டேன். உனக்கு வேண்டாம்னாங்க.

ரிப்பேர்காரருக்கு அம்பது வயசு இருக்கும். நெத்தியில ஒரு கண்ணாடி, மூக்குல ஒரு கண்ணாடி. சுத்தி வயர், தெறந்து கெடந்த டெலிபோன், ஈயம் உருக்கின வாசனை. மேசையில ஒரு நிலா வயித்தைக் கிழிச்சுக் கெடந்துச்சு. நான் தொண்டையைச் செருமிக்கிட்டேன். உங்க விளக்குல பெரிய கோளாறு இருக்கு சார், பிள்ளை அழும்போது குரல் வரணும், இது தலைகீழா, அழுதா குரல் நிக்குது, இதைச் செஞ்சவருக்கு வேலையே தெரியலைன்னு சொன்னேன்.

மனுஷனுக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. "யாருக்கு வேலை தெரியலை? அதை நாலாவது நாளே கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்தவன் நான்."

சொன்னப்புறம்தான் என்ன சொன்னோம்னு அவருக்குப் புரிஞ்சுது. அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. கஸ்டமர் இல்லைன்னு அப்பத்தான் சொன்னாங்க. காதுல சீழ் வந்த குழந்தையைப் பத்தியும் சொன்னாங்க. மூணாம் நம்பர் தொட்டில்.

அவர் ரெண்டு கண்ணாடியையும் கழட்டினார். மெல்ல விஷயம் வந்துச்சு. நெனச்சது நல்லதுதானாம். பிள்ளை அழுதா, அம்மா ஓடி வர வரைக்கும் அவ குரலாவது கேக்கட்டும்னுதான், பதிவான போன் பேச்சுலேருந்து அந்தந்த அம்மா குரலை எடுத்தாராம். புதுசா வாங்க யாரும் காசு குடுக்கலை. பழைய போன் மெஷின்ல இருந்த பாகத்தையே பிடுங்கிப் போட்டிருக்கார். லைன்ல காத்திருக்குறவங்களுக்கு ஒரு குரல் பேசிக்கிட்டே இருக்குமே, அந்தப் பாகம். காத்திருக்குற ஆள் வாயைத் தெறந்தா அந்தக் குரல் உடனே நின்னுடணும். கஸ்டமர் பேசும்போது குறுக்க பேசக் கூடாதுன்னு அதுக்கு ஒரு ஏற்பாடு. அதைக் கழட்ட மறந்துட்டார். மெஷினுக்குப் பிள்ளைன்னு தெரியுமா. அழுதா, சரி, கஸ்டமர் பேசுறார்னு மரியாதையா வாயை மூடிக்கிச்சு.

"தப்பாப் போச்சு. சரி. அப்புறம்?" அக்கா கேட்டாங்க.

அவர் ஒரு நோட்டை எடுத்து நாலாவது பக்கத்தைக் காட்டினார். நீல மையில அவர் கையெழுத்து: 'கோளாறு. பிள்ளை அழும்போது குரல் நிக்குது. சரி பண்ண அரை மணி நேரம் போதும்.' பக்கத்துலயே செவப்பு மையில மேனேஜர்: 'தொட வேண்டாம்.'

அரை மணி நேரம். அதுக்கப்புறம் நாலு மாசம் ஓடிப் போச்சு. இப்ப நாப்பத்திரெண்டு ஆபீஸ்லேருந்து ஆர்டர் வந்திருக்காம்.

நான் யாரையும் அடிக்கலை, ஊசி போடலை, மருந்து கலக்கலைன்னு அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் டிராயர்லேருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். பூ வரைஞ்ச வாழ்த்து அட்டை. 'ராத்திரி நிம்மதியாத் தூங்க வெச்ச அண்ணனுக்கு நன்றி.' கீழ பதினோரு அம்மாமாரோட கையெழுத்து. நிலா என்ன பண்ணுதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை, விளக்கு வந்ததுலேருந்து பிள்ளைங்க தூங்குதுன்னு மட்டும் தெரியும். மூணாவது கையெழுத்து யாருதுன்னு நான் படிச்சேன். அக்காவும் படிச்சாங்க. நோட்டுப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்தாங்க. அட்டையைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

மூணாம் நம்பர் வயரை இன்னிக்கே வெட்டி விடுறேன்னார். மிச்சம் பத்துன்னு நான் கேட்டேன். அதையும் வெட்டினா நாளைக்கு என் எடத்துல வேற ஆள் உக்காந்து ஒட்டிக்கிட்டிருப்பான்னார். அது பொய் இல்ல. அதுதான் எனக்கு எரிச்சலா இருந்துச்சு.

வியாழக்கிழமை முழுக்க அந்த போட்டோவைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு அரசாங்க ஆபீஸா ஏறி இறங்கினோம். ஒரு அதிகாரி பொறுமையா ரெண்டு தடவை படிச்சார். பிள்ளைக்குக் காயம் எங்கன்னார். காதுன்னோம். காது பழுத்தது கிருமியால, விளக்கால இல்லியேன்னார். பெத்த தாய் குரலைக் கேக்க வெச்சது எந்தச் சட்டத்துல குத்தம்னும் கேட்டார். எந்திரிச்சுக் கதவு வரைக்கும் வந்துட்டோம். அவர் குரலைத் தாழ்த்தி, வீட்டுல எனக்கும் ஒரு கைக்குழந்தை இருக்கு, அந்த நிலா வெளியில எங்க கிடைக்கும்னு கேட்டார்.

எனக்கு வாயில வந்ததை அக்கா கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. வழி முழுக்க அதைச் சொல்லிக்கிட்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பொண்ணு குழந்தையோட வந்தாங்க. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட். அக்கா எதையும் மறைக்காம, எதையும் கூட்டாமச் சொன்னாங்க. அட்டையைப் பத்தி மட்டும் சொல்லலை. அவங்களே சொன்னாங்க.

"நான் கையெழுத்துப் போட்டேன் மேடம். பூ வரைஞ்சதுகூட நான்தான்."

முந்தின நாள் ராத்திரி அக்கா போன்ல சுருக்கமா சொன்னதை வெச்சு, காலைலயே மத்த பத்து அம்மாமாருக்கும் விஷயத்தைச் சொல்லிட்டாங்களாம். நாலு பேர் அழுதாங்களாம். ரெண்டு பேர் நம்பலை. மிச்சப் பேர் கதவைச் சாத்திட்டு, இதை இத்தோட விட்டுடு, காப்பகத்தை மூடிட்டா நாங்க பிள்ளைங்களை எங்க கொண்டு போய் விடறதுன்னு கேட்டாங்களாம். ஒருத்தி மட்டும் கையைப் பிடிச்சுக்கிட்டு, அழுற பிள்ளைக்கு அங்க எடம் இல்ல, பிள்ளைக்கு எடம் இல்லாட்டி உனக்கும் வேலை இல்ல, யோசிச்சுக்கோன்னாளாம்.

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சுட்டேன். அழட்டும். எங்கயாவது வலிச்சா என்கிட்ட சொல்லட்டும். வேலை போனா வேற வேலை."

மருந்து ரொம்பச் சுலபம்னு அக்கா காதுக்குப் பாத்த டாக்டர்கிட்டயே கேட்டு வெச்சிருந்தாங்க. அழுதா அம்மா குரல் நிக்கும்னு குழந்தை படிச்சிருக்கு. அழுதாலும் நிக்காதுன்னு இப்பப் படிக்கணும். குழந்தைக்குப் பசிக்கிற நேரமாப் பாத்து அம்மா பேசிக்கிட்டே இருக்கணும். அது வாயைத் தெறந்தாலும், சத்தம் போட்டாலும் பேச்சை நிறுத்தக் கூடாது. அழ அழ பேசணும். அப்புறம் பால்.

பால் குடிச்சு அஞ்சு மணி நேரம் ஆச்சுன்னு அவங்க சொன்னாங்க. பாட்டிலை மேசையில எட்டாத தூரத்துல வெச்சோம். என் சால்வையை ரெண்டா மடிச்சு மேசை மேலயே விரிச்சுக் குழந்தையைப் படுக்க வெச்சாங்க. வெறும் சால்வை, தொட்டில் இல்ல, நிலா இல்ல.

என்ன பேசறதுன்னு கேட்டாங்க. எது வேணாலும்னாங்க அக்கா. அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. ஊமை மாதிரி வாய் அசைஞ்சுது. கடைசியில வந்தது ஆபீஸ் குரல்தான். "வணக்கம்... நான் உங்க கூடவேதான் இருக்கேன்... உங்க பிரச்சினை என்னன்னு சொல்லுங்க..."

குழந்தை கேட்டுக்கிட்டே பாட்டிலைப் பாத்துச்சு. காலை உதைச்சுது. மூஞ்சி சுருங்குச்சு. வாய் தெறந்துச்சு. தலை இடது பக்கம் திரும்புச்சு. குரல் நிக்கலை. குழந்தைக்கு அது புரியலை. வாயை மூடி, மறுபடி தெறந்துச்சு. தொண்டைக்குள்ளேருந்து துருப்பிடிச்ச கதவு மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்துச்சு. ரெண்டு மாசத்துல மொதல் சத்தம். "ங்ஆ."

அந்தப் பொண்ணு பேச்சை நிறுத்திட்டாங்க.

குழந்தையும் நிறுத்திடுச்சு.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நிறுத்தாதீங்கம்மான்னு நான் சொன்னேன். நான் நிறுத்தலை தம்பி, தானா நின்னுடுச்சுன்னு சொல்லிட்டு மறுபடி ஆரம்பிச்சாங்க. குழந்தை மறுபடி அந்தச் சத்தத்தை எடுத்துச்சு. கத்தி வெச்சு வெட்டின மாதிரி அவங்க குரல் அறுந்துச்சு. மூணாவது தடவை கையால மேசை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுப் பேசினாங்க. கை நரம்பு புடைச்சுது. குழந்தை சத்தம் வந்த அடுத்த நொடி உதடு ஒட்டிக்கிச்சு.

"எதிர்ல குரல் ஒசந்தா நாம உடனே வாயை மூடிக்கணும் மேடம்," அவங்க சொன்னாங்க. யாரையோ காட்டிக் குடுக்கிற மாதிரி மெதுவா சொன்னாங்க. "கஸ்டமர் கத்தி முடிக்கிற வரைக்கும் ஒரு மூச்சுக்கூட கேக்கக் கூடாது. சேந்த மொத வாரமே சொல்லிக் குடுத்துட்டாங்க. எட்டு வருஷம் ஆச்சு. வீட்டுல அவர் கத்தினாகூட நான் இப்படித்தான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அந்த ஜன்னல்ல படிக்கட்டோட அடிப்பக்கத்தைத் தவிர பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. திரும்பாமலே, மறுபடி பேசுங்கன்னாங்க.

நாலாவது தடவை பேசினாங்க. நின்னு போச்சு. கண்ணுலேருந்து தண்ணி வழிஞ்சுது, அதுலயும் சத்தம் இல்ல.

அஞ்சாவது தடவை குழந்தை வாயைத் தெறக்கவே இல்ல. அம்மா பேசிக்கிட்டே இருந்தாங்க. பாட்டில்ல பால் ஆறிக்கிட்டிருந்துச்சு. அஞ்சு மணி நேரப் பசியோட, அது மேல ஒரு எடத்தைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்துச்சு.